பார்த்துப் பிடி

முதல் முட்டையைத் தொடுவதற்கு முன்னால் வசந்தாமணி வலது கையை முந்தானையில் இன்னொரு தரம் துடைத்துக்கொண்டாள். கையில் ஈரமும் இல்லை அழுக்கும் இல்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒருதரம், மினி பஸ்ஸில் ஒருதரம், பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு உள்ளே வந்தபோது ஒருதரம் என்று விடிந்ததிலிருந்து துடைத்துத் துடைத்தே உள்ளங்கை சிவந்து கிடந்தது. ஒன்பது மாதம் கழித்து இரண்டாவது கோழிச் செட்டுக்குள் வந்து நிற்கிறாள். அந்த வாடை மூக்கில் ஏறிக் கண்ணைக் கரித்தது, எச்சமும் மக்காச்சோளத் தீவனமும் கருவாட்டுத் தூளும் கலந்த வாடை, புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் வாசலிலேயே குமட்டிக்கொண்டு நிற்கிற வாடை, அவளுக்கு ஏனோ கல்யாண வீட்டுக்குள் நுழைந்தது மாதிரி இருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கூண்டு, கூண்டுக்குள் வெள்ளைக் கோழிகள், ஆயிரக்கணக்கில் சிவப்புக் கொண்டைகள், அத்தனையும் ஒரே நேரத்தில் பேசின. கூண்டுக்கு முன்னால் சரிந்திருக்கிற கம்பித் தாழ்வில் காலையில் இட்ட முட்டைகள் உருண்டு வந்து வரிசையாக நின்றன. இதே கோழிகளா என்று யோசித்தாள், இல்லை, அந்தக் கோழிகளெல்லாம் வயதாகி லோடு ஏறிப் போயிருக்கும், இவை புதுக் கோழிகள், இவளைத் தெரியாது, அதுவும் நல்லதுதான், பழையவை என்றால் ஏன் இந்தம்மா இப்படி ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு நிற்கிறாள் என்று பார்த்திருக்கும். இடது முன்கையில் காலி அட்டை, முப்பது குழி. பின்னால் தள்ளுவண்டி. சூப்பர்வைசர் தனசேகர் வாசலில் நின்று, “ஒண்ணும் அவசரம் இல்லீங்க அக்கா. இந்த ஒரு வரிசையை எடுத்துப் பாருங்க. சரிப்பட்டா நாளையிலிருந்து பழையபடி இதே வேலை. சரிப்படலீன்னா ஆபீசைக் கூட்டித் துடைக்கறாப்பல ஏற்பாடு பண்ணிக்கலாம், சம்பளம் குறையாது” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். நல்ல பையன். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம், இவ்வளவு பதனமாகச் சொன்னால் என்ன செய்வது. ஆபீசைக் கூட்டுவது. விளக்குமாற்றைப் பிடிக்க விரலுக்கு என்ன தெரிய வேண்டும், எவ்வளவு இறுக்கினாலும் விளக்குமாறு உடையப் போவதில்லை, அதனால்தான் அதைச் சொல்கிறான். நாள் முழுக்க ஒரு ஃபேனுக்கும் நாலு நாற்காலிக்கும் நடுவில், பேச்சுத் துணைக்கு ஒரு கோழி கூட இல்லாமல்.

பார்த்துப் பிடி, என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கண் முட்டையின் மேல் இருந்தது. கட்டைவிரல் ஒரு பக்கம் போயிற்று, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இன்னொரு பக்கம், மூன்றும் சேர்ந்தன, தொட்டுவிட்டதா என்று கண்ணால் உறுதி செய்துகொண்டாள், இன்னும் கொஞ்சம், போதும், தூக்கு, குழிக்கு மேல் கொண்டு வா, இறக்கு, விடு. விட்டாயிற்று. ஒன்று. மூச்சு வந்தது. முன்பெல்லாம் ஒரு கைக்கு மூன்று முட்டை, அட்டையைக் கைமேல் தாங்காமல் வண்டியிலேயே வைத்துவிட்டால் இரண்டு கைக்கும் ஆறு, கண் எங்கேயோ பார்க்கும், வாய் எதிர் வரிசைப் பாவாயி அக்காவோடு பேசும், மனசு சாயங்காலக் குழம்புக்குப் போய்விடும், கை பாட்டுக்கு எடுத்து அடுக்கிக்கொண்டே போகும். ஆறும் ஆறு மாதிரி இருக்கும், ஒன்று சாணி ஒட்டி வழவழவென்று, ஒன்று மொரமொரவென்று, ஒன்று கனமாக, ஒன்று பொடிசாக, அத்தனைக்கும் கை தனித்தனியாகக் கணக்குப் பார்த்து அழுத்தியிருக்கிறது, அப்படி ஒரு காரியம் நடக்கிறது என்று அவளுக்கே தெரியாது. பதினோரு வருசம். ஒருநாள் கூட அந்தக் கையிடம் நல்லா இருக்கியா என்று அவள் கேட்டதில்லை. அப்புறம் அந்த ஆடி மாதம் ஒரு சாயங்காலம், மாட்டுக் கொட்டாய் மேல் போட்டிருந்த தகரம் காற்றில் எழும்பிப் படபடவென்று அடித்துக்கொண்டது, பறந்து போய் யார் தலையிலாவது விழுந்துவிடப் போகிறதே என்று எட்டிப் பிடித்தாள், அவ்வளவுதான், தகரம் வலது மணிக்கட்டின் உள்பக்கத்தை ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிற்று. வலிக்கவே இல்லை. அதுதான் வேடிக்கை. ரத்தத்தைப் பார்த்து வீட்டுக்காரர் செங்கோடன்தான் மயங்கி உட்கார்ந்தார், லாரி பாடிக்குப் பெயின்ட் அடிக்கிற மனிதர், நாள் முழுக்கச் சிவப்பில் குளிக்கிறவர், இந்தச் சிவப்பைப் பார்க்க முடியவில்லை. அவள்தான் ஒரு கையால் அவருக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பி, மறு கையைத் துண்டால் கட்டிக்கொண்டு, வண்டியை எடுங்க போலாம் என்றாள்.

இரண்டு. மூன்று. நாலாவது முட்டை கொஞ்சம் கோணலாக நின்றது. இறுக்காதே, இறுக்காதே, என்று விரலிடம் கெஞ்சினாள். இறுக்கிப் பிடிப்பதுதான் இந்தக் கையின் வியாதி. சேலத்தில் ஆஸ்பத்திரியில் அறுந்த நரம்பை எடுத்து ஒட்டித் தைத்து, கட்டுப் பிரித்து, வீட்டுக்கு வந்த முதல் வாரம் இட்லியை எடுத்தாள், இட்லி உப்புமா ஆயிற்று. மகள் தாரணி விழுந்து விழுந்து சிரித்தாள், இவளும் சிரித்தாள், அப்புறம் அடுப்படியில் போய்க் கொஞ்சம் அழுதாள், வெங்காயம் நறுக்கக்கூட முடியாததால் அழுததற்குக் காரணம் சொல்லவும் வழியில்லை. ஆஸ்பத்திரி கேன்டீனில் காகிதக் கப்பில் டீ கொடுத்தார்கள், ஒரே நசுக்கு, டீ சட்டை முழுக்க, யார் சட்டை, வரிசையில் முன்னால் நின்ற போலீஸ்காரர் சட்டை. இன்னொரு கப் வாங்கிக் கொடுத்தார் அந்தப் புண்ணியவான், அதையும் நசுக்கினாள். மூன்றாவதை அவரே பிடித்துக்கொண்டு அவளைக் குடிக்கச் சொன்னார். நாத்தனார் மகள் கல்யாணத்தில் போட்டோக்காரன் ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்குங்க என்றான், பிடித்தாள், செங்கோடன் ஐயோ என்று கத்தினார், அந்த நொடியில் அவன் கிளிக் பண்ணிவிட்டான், ஆல்பத்தில் இன்றைக்கும் பொண்ணு மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார். “இருவது வருசத்துல நீ என்ற கையை இப்பிடி ஆசையாப் புடிச்சதே இல்லியே” என்றார் அன்றைக்கு வீடு திரும்பும்போது, கையை உதறிக்கொண்டே. நல்ல மனிதர். இறுக்கிப் பிடிப்பதாவது சிரிப்பில் போய்விடும், இன்னொன்று இருக்கிறது, அதுதான் பயம். கண்ணை எடுத்தால் போதும், கை விட்டுவிடும். தண்ணீர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், யாராவது கூப்பிடுவார்கள், ஏனுங்க என்று திரும்புவாள், டணார் என்று சத்தம் கேட்கும், யார் எதைப் போட்டார்கள் என்று கீழே பார்த்தால் அவளுடைய சொம்பு. விரல்களைப் பார்த்தால் அவை இன்னும் சொம்பைப் பிடித்திருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டு நிற்கும். அப்படி எத்தனை டம்ளர், எத்தனை கிண்ணம், ஒருதடவை பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைக் கொடுக்க வந்தார்கள், வேண்டாம் என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அதற்கு என்னவென்று விளக்குவது.

ஒன்பது. பத்து. பத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து கழுத்தை உருட்டினாள். ஒரு கோழி கம்பிக்கு வெளியே தலையை நீட்டி அவள் வளையலைக் கொத்திப் பார்த்தது. ஷெர்லின் இருந்தால் இந்தக் கோழிகளைப் பார்த்துவிட்டு என்ன சொல்லியிருப்பாள். ஷெர்லின்தான் பிசியோதெரபிக்காரப் பெண், நாகர்கோவில் பக்கம், கேட்டியளா கேட்டியளா என்று பேசுவாள், முதல் நாள் அது திட்டுகிற மாதிரி இருந்தது, அப்புறம் அந்தக் கேட்டியளாவைக் கேட்கத்தான் சேலத்துக்கு பஸ் ஏறுகிற மாதிரி ஆயிற்று. அவள்தான் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு சொன்னாள். “அக்கா, நாம ஒரு பொருளைத் தூக்கும்போ அது கீழே விழாம இருக்க எவ்வளவு அழுத்தணுமோ அதைவிடக் கொஞ்சூண்டு கூடத்தான் விரலு அழுத்தும், கேட்டியளா. மயிரிழை நழுவினாப் போதும், தோலுக்குத் தெரிஞ்சிரும். உங்களுக்குத் தெரியும் முன்னாடியே விரலு இறுக்கிரும். நழுவலன்னா தானா லேசா விட்டுக் கொடுக்கும். இப்ப உங்க விரலுக்கு ஒண்ணும் தெரியல. அதனால பயந்து போயி எல்லாத்தையும் இறுக்குது. அந்த உணர்வு வர்ற வரைக்கும் கண்ணுதான் விரலுக்குப் பதிலு. பாத்துப் பிடிங்க.” பார்த்துப் பிடி. அந்த வார்த்தை அப்போது ஒட்டிக்கொண்டதுதான், இன்னும் போகவில்லை, கனவில்கூட யாரோ ஒருவர் எதையோ நீட்டுவார், பார்த்துப் பிடி என்று ஒரு குரல் வரும், விழித்துக்கொள்வாள். ஒரு வாளி அரிசிக்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே கிடக்கிற பட்டனையும் புளியங்கொட்டையையும் தேடி எடுக்கச் சொன்னாள் ஷெர்லின். அரை மணி நேரம் துழாவிவிட்டு வெற்றியோடு ஒன்றை வெளியே எடுத்தாள் வசந்தாமணி, அது அவளுடைய மோதிரம், உள்ளே கழன்று விழுந்ததுகூடத் தெரியவில்லை. சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் வேறு நரம்பாம், அதற்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் அவள் எல்லாவற்றையும் சுண்டு விரலால் எடுக்கப் பழகிக்கொண்டாள், சுண்டு விரலால் சீப்பு, சுண்டு விரலால் செல்போன். “அந்தச் சின்னவனை ஏன் அக்கா இப்படிப் போட்டுக் கொல்லுதிய, இவங்க மூணு பேரையும் வேலைக்கு அனுப்புங்க” என்று சுண்டு விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டாள். இன்றைக்கு அந்தச் சின்னவன் முட்டைப் பக்கம் வராமல் விறைத்துக்கொண்டு நிற்கிறான், வசந்தாமணிக்கு அவன் மேல் பரிதாபமாக இருந்தது.

நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும் என்று டாக்டர் சொன்ன அன்று தாரணி ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து வந்து தையல் போட்ட இடத்திலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்தாள். பத்தொன்பது சென்டிமீட்டர். நூற்றுத் தொண்ணூறு நாள், என்றாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதுவே வேலை. அம்மா கையை நீட்டு என்பாள், மணிக்கட்டிலிருந்து மேலே மேலே விரலால் தட்டிக்கொண்டே வருவாள், எந்த இடத்தில் தட்டும்போது சுரீர் என்று ஷாக் அடிக்கிறதோ அங்கே நீல பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு. நரம்பு இங்கே வந்திருச்சும்மா, அடுத்த வாரம் இங்கே வந்திரும்மா. உள்ளங்கையில் ஏணி மாதிரி கோடுகள். பூசணிக்கொடி வேலியைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி உள்ளே என்னவோ ஊர்ந்து போகிறது என்று படுத்துக்கொண்டு நினைத்துப் பார்ப்பாள், கையை அசைத்தால் அதற்குத் தொந்தரவாக இருக்குமோ என்று அசைக்காமல் வைத்திருப்பாள். முதலில் சூடு வந்தது. தோசைக்கல்லில் பட்டு ஆ என்று கத்தினாள், கத்திவிட்டு, ஏனுங்க சுட்டுருச்சுங்க, ஏனுங்க சுட்டுருச்சுங்க என்று வாசலுக்கு ஓடினாள், செங்கோடன் பர்னாலைத் தேடாமல் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். அப்புறம் எறும்பு ஊர்வது வந்தது, சும்மா இருக்கும்போது நூறு எறும்பு. அப்புறம் கையுறை போட்டுக்கொண்டு தொடுகிற மாதிரி ஒன்று, பஞ்சு வைத்துச் சுற்றின மாதிரி. அதோடு நின்றுவிட்டதா, இன்னும் வருமா, தெரியவில்லை. ஷெர்லின் கடைசி முறை போனபோது வரும் என்றாள், எப்போது என்று சொல்லவில்லை. தாரணி நுனி வரைக்கும் கோடு போட்டு முடித்துவிட்டாள், இனி கோடு போட விரலில் இடம் இல்லை. வீட்டில் எதையும் பார்த்துப் பார்த்தே பிடித்தாள், பார்த்தால் விழுவதில்லை, உடைவதில்லை, அப்படியே நாள் போயிற்று. ஆனால் பார்த்துப் பார்த்துப் பிடிக்கிறவள் முட்டைச் செட்டில் எத்தனை நாள் நிற்க முடியும். இந்த ஒரு வரிசையை மத்தியானத்துக்குள் முடிக்க வேண்டும். இப்போதே கண் வலிக்கிறது.

பதினாலாவது முட்டை சூடாக இருந்தது, இப்போதுதான் இட்டிருக்கும். அந்தச் சூடு நன்றாகவே தெரிந்தது, அதுவே துணையாக இருந்தது. பதினைந்து. பதினாறைத் தூக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது, தனசேகர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான், அந்த ஒரு கணம் கண் அவன் பக்கம் போய்விட்டது. முட்டை கட்டைவிரலிலிருந்து கழன்று சரிய, சுண்டு விரல் ஓடிவந்து தாங்க, நெஞ்சோடு அணைத்துக்கொண்டுவிட்டாள். உடையவில்லை. அட்டையில் வைத்தாள். கழுத்தில் வியர்வை இறங்கிற்று. இதோ, இப்படித்தான், இதுதான் நடக்கும். விளக்குமாறு ஒன்றும் அவ்வளவு கேவலமான பொருள் இல்லையே, ஃபேன் இருக்கிறது, வெயில் இல்லை, வாடை இல்லை. வாடை இல்லை என்று நினைத்ததும் முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், என்ன பைத்தியக்காரத்தனம், கோழி எச்ச வாடைக்காக ஒரு பொம்பளை அழுவாளா. அழுவாள். பதினோரு வருசம் இங்கே நின்று பேசிய பேச்சு எத்தனை, தாரணி வயதுக்கு வந்ததை முதலில் சொன்னது இங்கேதான், செங்கோடனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து நாலு நாள் பேசாமல் முட்டை பொறுக்கியது இங்கேதான். இனிமேல் தலையை நிமிர்த்துவதில்லை, யார் வந்தாலும் சரி, கூரையே பிய்த்துக்கொண்டு போனாலும் சரி. பார்த்துப் பிடி.

ஆனால் பாவாயி அக்கா எதிர்ப்பக்கத்து வரிசையில் இருந்தாள். இரண்டு கூண்டுக்கும் நடுவில், கோழிக் கொண்டைகளுக்கு மேல் அவள் முகம் பாதி தெரியும். காலையிலேயே அவளிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லியிருந்தாள், அக்கா இன்னிக்கு ஒருநாள் என்னோட பேசாதக்கா, பேசினா பார்ப்பேன், பார்த்தாப் போட்டுருவேன் என்று. சரி அம்மிணி, வாயைத் தெச்சுக்கறேன் என்று பாவாயியும் சத்தியம் பண்ணினாள். அரை மணி நேரம் தாக்குப் பிடித்ததே பெரிசு. பையனுக்குப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ராசிபுரம் போய்விட்டு வந்திருக்கிறாள், அது வயிற்றில் கிடந்து புரள்கிறது, எப்படி விடும்.

“நீ பேச வேண்டாம். கேட்டுக்கிட்டு மட்டும் இரு” என்றாள் பாவாயி.

“அக்கா, வேண்டாங்க்கா.”

“பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது. அவங்கப்பன் ஒரு போண்டாவைக் கொண்டாந்து வெச்சான் பாரு. கல்லு. நம்ம வீட்டுக்காரரு கடிச்சாரு. கடிச்ச வாயை எடுக்க முடியல.”

வசந்தாமணி முட்டையைப் பார்த்தாள், பார்த்துப் பிடித்தாள், வைத்தாள். பாவாயி வீட்டுக்காரருக்குப் பல்செட்டு, அது அவளுக்குத் தெரியும், பல்செட்டும் போண்டாவும் என்று மனசு போயிற்று, போகாதே என்று இழுத்தாள். போண்டாவோட பல்செட்டும் சேர்ந்து வெளியே வந்துருச்சு என்றாள் பாவாயி கூண்டுக்கு அந்தப் பக்கம், அதைச் சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, சொல் சிதறிச் சிதறி வந்தது, அவரு அதை அப்பிடியே தட்டுல வெச்சுட்டு, சபையில ஒருத்தரும் மூச்சு விடல, பொண்ணு காபித் தட்டோட வருது, வந்து பார்க்குது, தட்டுல போண்டா பல்லைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்குது. வசந்தாமணிக்கு வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பிற்று. நிமிர்ந்துவிட்டாள். கொண்டைகளுக்கு நடுவில் பாவாயி அக்கா கண்ணில் தண்ணீர் வழியச் சிரிப்பது தெரிந்தது, அதைப் பார்த்ததும் இவளுக்கும் அடக்க முடியவில்லை, பொண்ணு என்னக்கா சொல்லுச்சு, என்று கேட்டே விட்டாள். பொண்ணு சொல்லுது, ‘மாமா, இதுக்கும் காபி வேணுமா’ன்னு. என்ற மவன் அங்கியே சொல்லிப்போட்டான், இந்தப் பொண்ணுதான் வேணும்னு. வசந்தாமணி வாய்விட்டுச் சிரித்தாள், ஒன்பது மாதத்தில் இப்படிச் சிரிக்கவில்லை, தோள் குலுங்கிற்று, இடது கையில் அட்டை குலுங்கிற்று, தட்டில் உட்கார்ந்திருக்கிற போண்டாவைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், ராசிபுரத்து வீட்டுக் கூடத்தை, அந்தப் பெண்ணின் முகத்தை. சிரித்துக்கொண்டே இருக்கும்போது எங்கேயோ கீழே ஒரு தயக்கம். என்ன என்று தெரியவில்லை. இருட்டில் படி இறங்கும்போது கடைசிப் படி இல்லை என்று காலுக்கு முதலில் தெரியுமே, அந்த மாதிரி. விரல்கள் எதையோ எடுக்கப் போய், வேண்டாம் இப்படி வேண்டாம் என்று விரிந்து, அழுத்தாமல் அடியில் போய், உள்ளங்கை குழிந்து, எதையோ ஏந்திக்கொண்டு நின்றன. அவள் ஒன்றும் சொல்லவில்லை அவற்றிடம். சிரிப்பு பாதியில் நின்றது. மெதுவாகக் கீழே பார்த்தாள்.

தோல் முட்டை. ஓடே இல்லாமல் வெறும் சவ்வோடு இட்டுவிடும் கோழி, சில நாள் சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் அப்படி ஆகும். தண்ணீர் ஊற்றின பலூன் மாதிரி மெதுமெதுவென்று, விரல் எப்படி இருக்கிறதோ அப்படி வளைந்துகொண்டு, உள்ளே மஞ்சள் கரு நிழலாகத் தெரிய, அவளுடைய வலது உள்ளங்கையில் அது படுத்திருந்தது. நல்ல கைக்காரியே பாதி நேரம் கிழித்துவிடுவாள். கிழியவில்லை. ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

“என்னாச்சு அம்மிணி?”

“அக்கா, இதைப் பாரு.”

பாவாயி எக்கிப் பார்த்தாள். “தோல் முட்டைதானே. தினம் நாலஞ்சு வருது. அந்த வாளியில போட்டுட்டு வா.”

“நான் பார்க்கலக்கா.”

“எதை?”

“இதை எடுக்கறப்ப பார்க்கவே இல்ல. உன்னைத்தான் பார்த்துட்டிருந்தேன். கை தானா எடுத்துருக்குது. ஓடு இல்லீன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குது அக்கா, எனக்குத் தெரியறதுக்கு முந்தியே தெரிஞ்சிருக்குது.”

பாவாயிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் போட்டாளே ஒரு கூச்சல், செட்டில் இருந்த அத்தனை கோழியும் ஒருசேர வாயை மூடிக்கொண்டன. கூச்சல் கேட்டுத் தனசேகர் செருப்பில்லாமல் ஓடி வந்தான், முகம் வெளுத்திருந்தது, “எங்க வெட்டுச்சு, அதே கையா?” என்றான். வசந்தாமணி கையை நீட்டினாள். அவன் முட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி முட்டையைப் பார்த்தான்.

“இதுக்கா கத்துனீங்க?”

“உனக்குச் சொன்னா ஏறாது தம்பி” என்றாள் பாவாயி, மூக்கைச் சிந்திக்கொண்டே. “அவ பார்க்காம எடுத்திருக்கறா.”

“சரிங்க. அதைக் கீழ வைங்க, பிஞ்சுரும்.”

“வைக்கிறனுங்க. சித்த நேரம்” என்றாள் வசந்தாமணி. வைக்கவில்லை. விரல் நுனியில் அது இலேசாக ஆடிற்று, ஆடும்போதெல்லாம் விரல் கூடவே கொஞ்சம் கொடுத்தது, கொஞ்சம் எடுத்தது. பஞ்சுக்கு அப்பாலிருந்து யாரோ பேசுகிற மாதிரி மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனால் தெரிந்தது. இது எப்போது வந்தது, இன்றைக்கா, போன வாரமா, ஒரு மாதமாகவே வந்து உட்கார்ந்துகொண்டிருந்ததா, அவள்தான் கண்ணை வைத்து மறித்துக்கொண்டு இருந்தாளா. பார்த்துப் பார்த்துப் பிடித்ததில் இதற்கு வேலை கொடுக்கவே இல்லையோ. அந்த நாகர்கோவில் பெண்ணுக்கு உடனே போன் பண்ண வேண்டும், கேட்டியளா என்று இன்றைக்கு இவள் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தை இப்போது தவழ்கிறது, இன்னும் தூக்கினால் தூக்கலாம், சாயங்காலம் போய்க் கேட்க வேண்டும். தோல் முட்டையைப் பூப்போல வாளிக்குள் இறக்கிவிட்டாள். இறக்கிவிட்டு, இப்ப பாருங்க தம்பி, என்று தனசேகரைப் பார்த்துக்கொண்டே, பக்கவாட்டில் கையை நீட்டி அடுத்த முட்டையை எடுத்தாள். நல்ல முட்டை, கனத்த ஓடு, பெரிய முட்டை. டப்பென்று உடைந்தது. வெள்ளையும் மஞ்சளும் முழங்கை வரை வழிந்தது.

ஒரு கோழி கொக்கென்றது. வசந்தாமணி வழிந்ததைப் பார்த்தாள், தனசேகரைப் பார்த்தாள், முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை, பாவாயி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டாள். தனசேகர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சூப்பர்வைசர் சிரிக்கக் கூடாது என்று நினைத்திருப்பான்.

“நேத்து பாவாயி அக்கா எட்டு உடைச்சாங்க” என்றான் கடைசியில். “நாளைக்கு எட்டரைக்கெல்லாம் வந்துருங்க. ரெண்டாவது செட்டு உங்களுதுதான். அவசரப்பட மட்டும் வேண்டாங்க.” அவன் போகும்போதுதான் காலில் செருப்பு இல்லாததைப் பார்த்து, சே என்று நொண்டிக்கொண்டு போனான்.

“வா அம்மிணி, குழாயில கையைக் கழுவு. வழியுது பாரு” என்றாள் பாவாயி.

வசந்தாமணி வரவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன. வழுக்கியது. பிசுபிசுவென்று இழுத்தது. நடுவில் எங்கேயோ ஓட்டுத் துணுக்கு ஒன்று, கடுகளவுகூட இராது, சுருக்கென்று உறுத்தியது, உருட்டினால் தள்ளிப் போயிற்று, தேடினால் மறுபடி அகப்பட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இரு அக்கா” என்றாள். “இன்னுங் கொஞ்ச நேரம்.”